படைப்பிரிவு இல்லாத படைவீரர்கள்: வியட்நாம் போரின் இராணுவ ஆலோசகர்களும் சகவீரர் சாட்சியமும்

கேள்வி

ஒரு சிப்பாய் எந்தப் போரில், எந்த இடத்தில், யாரோடு நின்றார் என்று அறிய வேண்டுமானால் அவருடைய படைப்பிரிவைத் தேடிப் போவதே வழக்கம். பட்டாலியனின் நாட்பதிவு, கம்பெனியின் ஆள்பட்டியல், தளபதி அனுப்பிய போரறிக்கை, பிற்காலத்தில் அந்தப் பட்டாலியன்காரர்கள் கூடுகிற சங்கம் என்று ஏதாவது ஒன்றில் அவர் பெயர் அகப்பட்டுவிடும். இராணுவ ஆலோசகருக்கு அந்த வசதி கிடையாது. அவர் வேறொரு நாட்டுப் படையின் நடுவே, தன் நாட்டவர் இரண்டு மூன்று பேரோடு, சில வேளைகளில் தனியாகவே, இருந்தவர். கட்டளை இடும் அதிகாரம் அவருக்கு இல்லை. சண்டையில் வென்றால் பெயர் அந்தப் படைக்கு. தோற்றால் பழியும் பெரும்பாலும் அதற்கே.

வியட்நாம் போரில் இத்தகையோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1960களின் பிற்பகுதியில் தென் வியட்நாமின் கிராமப்புற ஊர்க்காவல் படைகளுக்கு அமெரிக்கா அனுப்பிய நடமாடும் ஆலோசகர் குழு ஒன்றில் ஐந்தே பேர். இரண்டு அதிகாரிகள், மூன்று சார்ஜென்ட் தரத்தினர், இவர்களோடு ஒரு வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர். ஒருவரின் பணிக்காலம் ஓராண்டு. ஆனால் ஐவரும் ஒன்றாக வந்து ஒன்றாகத் திரும்பியவர்கள் அல்லர். ஒருவர் போக இன்னொருவர் வருவார். ஆண்டின் முடிவில் பார்த்தால் தொடக்கத்தில் இருந்த முகம் ஒன்றுகூட இராது. இவர்களில் ஒருவருடைய சேவையை ஐம்பது ஆண்டு கழித்து மீட்டெடுக்க வேண்டுமென்றால் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே வழி, அவரோடு இருந்தவர்களைக் கண்டுபிடித்துக் கேட்பது.

இந்த வழி எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுசெல்லும்? குடும்பத்தாரும் ஓய்வூதிய அலுவலகமும் வரலாற்றாசிரியர்களும் இதை ஒருவிதமான இட்டுநிரப்பலாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். ஆவணம் இருந்தால் ஆவணம், இல்லாவிட்டால் ஆள் என்பது அவர்கள் கணக்கு. ஆலோசகர் விஷயத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கருத்து. ஆவணம் தொலைந்ததைவிட, தொடக்கத்திலேயே எழுதப்படாமல் விடப்பட்டதுதான் இங்கே அதிகம். சகவீரர் சாட்சியம் சில இடங்களில் வியக்கத்தக்க பலன் தந்திருக்கிறது. சில இடங்களில் திட்டவட்டமாக ஏமாற்றியும் இருக்கிறது. இரண்டையும் முடிவு செய்தது, யாரைச் சகவீரர் என்று கணக்கில் எடுத்தோம் என்பதுதான்.

எண்ணிக்கையே இரகசியமாக இருந்த காலம்

அமெரிக்க இராணுவ உதவி ஆலோசனைக் குழு இந்தோசீனாவில் கால் வைத்தது 1950 செப்டம்பரில். அப்போது அதன் வேலை பிரெஞ்சுப் படைக்குத் தளவாடம் வழங்குவது. வியட்நாமுக்கென்றே அது தனியாகப் பிரிந்து அமைந்தது 1955 நவம்பர் 1 அன்று. இடையில் 1954 ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை வந்திருந்தது. புதிதாக அந்நியப் படையினரைக் கொண்டுவரக் கூடாது, போனவருக்குப் பதில் வேண்டுமானால் ஆள் வரலாம் என்று அது கட்டுப்படுத்தியது.

கட்டுப்பாடு வந்தவுடனே அதைச் சுற்றிச் செல்லும் பாதையும் வந்தது. 1956இல் 350 பேர் கொண்ட ஒரு குழு, பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற தளவாடங்களை மீட்டெடுப்பதற்காக என்ற பெயரில் தற்காலிகமாக அனுப்பப்பட்டது. அதிலிருந்தவர்கள் நடைமுறையில் ஆலோசனைப் பணியைச் செய்தனர். 1960இல் ஆலோசனைக் குழுவின் உச்சவரம்பு 685 ஆனது. அடுத்த ஆண்டு இறுதியில் நாட்டிலிருந்த அமெரிக்க இராணுவத்தினர் 3,200 பேர். 1962 இறுதியில் சுமார் 11,300, 1963 இறுதியில் 16,300, 1964 இறுதியில் 23,300. இத்தனை பேரையும் பத்திரிகைகள் பொத்தாம்பொதுவாக ஆலோசகர் என்றே எழுதின.

ஜெனீவா உடன்படிக்கைப்படி இந்த எண்ணிக்கையைக் கண்காணிக்க வேண்டிய பொறுப்பு இந்தியாவுக்கும் இருந்தது. இந்தியா தலைமை வகிக்க, கனடாவும் போலந்தும் உறுப்பினராக இருந்த பன்னாட்டு மேற்பார்வைக் குழு 1962 ஜூன் 2 அன்று ஒரு சிறப்பு அறிக்கை அளித்தது. வட வியட்நாம் தெற்கில் கலகத்தைத் தூண்டுகிறது என்று ஒருபுறமும், அமெரிக்கா வரம்பை மீறி ஆட்களையும் தளவாடங்களையும் இறக்குகிறது, அதன் புதிய இராணுவக் கட்டளையகம் நடைமுறையில் ஓர் இராணுவக் கூட்டணிக்குச் சமம் என்று மறுபுறமும் அது சொன்னது. போலந்து மறுப்பு எழுதியது. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் கோ. பார்த்தசாரதி. சென்னைக்காரர், மதராஸ் அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். இருபது ஆண்டு கழித்து இலங்கை இனச்சிக்கலில் இந்திரா காந்தியின் தூதராகத் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான அதே மனிதர்.

எண்ணிக்கையே சர்வதேச வழக்காக இருந்த இடத்தில் எவர் என்ன செய்தார் என்பதைத் தெளிவாக எழுதிவைக்க எந்த அலுவலகத்துக்கும் ஆர்வம் இராது. 1961 நவம்பரில் பியென் ஹோவா விமானதளத்துக்கு வந்த அமெரிக்க விமானப்படைப் பிரிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் குண்டு வீசினார்கள். ஆனால் ஒவ்வொரு விமானத்திலும் வியட்நாமியர் ஒருவர் உட்கார வைக்கப்பட்டார். அதனால் அது பயிற்சிப் பறப்பு ஆயிற்று. பதிவேட்டை மட்டும் படிக்கிற ஆய்வாளர் அந்த ஆண்டில் தென் வியட்நாமின் வானத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் பறந்துகொண்டிருந்தார்கள் என்றே முடிவுக்கு வர வேண்டும். விமானிகள் பின்னாளில் வேறு கதை சொன்னார்கள், அவர்கள் சொன்னதே உண்மை.

தீயின் மேல் போடும் பழி

அமெரிக்கப் படைவீரர் ஆவணம் என்று பேச்செடுத்தால் எவரும் முதலில் சொல்வது செயின்ட் லூயிஸ் தீயைத்தான். 1973 ஜூலை 12 அன்று அந்நகரின் புறத்தே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாம் மாடியில் தீப்பற்றி, 160 முதல் 180 இலட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை பணிநீங்கிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடும், 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி 1 வரை விலகிய விமானப்படையினரில் அகரவரிசையின் பிற்பகுதிப் பெயர் கொண்டோரின் கோப்புகளில் 75 விழுக்காடும் போயின.

இந்தத் தேதிகளைக் கவனித்தால் தீ வியட்நாம் ஆலோசகர்களில் மிகச் சிலரையே தொட்டது தெரியும். 1950களில் போய்வந்து அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விலகிய தரைப்படையினரும், ஒரு பகுதி விமானப்படையினரும் மட்டுமே அதில் அடங்குவர். மற்றவர்களின் கோப்பு பத்திரமாகவே இருக்கிறது. சிக்கல் கோப்பின் உள்ளே இருக்கிறது. அதில் பணியிடம் என்ற கட்டத்தில் வியட்நாம் இராணுவக் கட்டளையகம் என்ற ஒரு தொடரும், அதிகபட்சம் ஒரு குழு எண்ணும் காணக்கிடைக்கும். அந்தக் குழு ஒரு மாகாணம் முழுவதற்கும் உரியதாக இருக்கலாம். அதில் ஒருவர் மாகாணத் தலைநகரில் கிட்டங்கிக் கணக்கு பார்த்தாரா, கால்வாய்க் கரையில் ஒரு மண்கோட்டையில் இருந்தாரா என்று அத்தாள் சொல்லாது.

குழுக்கள் எழுதிய அறிக்கைகள் வாஷிங்டனை அடுத்த காலேஜ் பார்க்கிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் மலைபோல் குவிந்திருக்கின்றன. அவற்றிலும் ஆலோசகர் இல்லை. மூத்த ஆலோசகர் மாதந்தோறும் எழுதிய மதிப்பீடு வியட்நாமியத் தளபதியின் திறமை பற்றியது. 1967 ஜனவரியில் தொடங்கிய கிராம மதிப்பீட்டு முறை கிராமங்கள் யார் கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்பது பற்றியது. ஆலோசகர் தன்னைப் பற்றி எழுத அங்கே இடமே ஒதுக்கப்படவில்லை. அவர் ஆயிரம் பக்கம் எழுதிவிட்டு எந்தப் பக்கத்திலும் தோன்றாமல் போனவர்.

விருது, பதக்கம் ஆகியவற்றைத் தடயமாகக் கொள்ளலாமே என்றால் அதற்கும் எல்லை உண்டு. தரைப்போரில் நேரடியாகப் பங்கெடுத்த காலாட்படையினருக்குரிய சின்னத்தை வியட்நாம் ஆலோசகர்களுக்கும் வழங்கலாம் என்ற விதி 1961 மார்ச் 1 முதற்கொண்டே செல்லுபடியாயிற்று. ரெஜிமெண்ட் அல்லது அதனினும் சிறிய வியட்நாமியப் பிரிவோடு இருந்து, அந்தப் பிரிவு சண்டையில் ஈடுபட்டிருக்கவும் வேண்டும். அதற்கு முந்தியவர்களுக்கு அவர்கள் கண்ட சண்டை சண்டையாகவே கணக்கில் வரவில்லை.

சுவரில் ஏறிய பெயர்கள்

வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர்வீரர் நினைவுச்சுவரில் இறந்தோர் பெயர்கள் இறந்த நாளின் வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. 1982இல் அது திறக்கப்பட்டபோது முதலில் நின்ற இருவரும் ஆலோசகர்களே. மேஜர் டேல் பியூயிஸ், சார்ஜென்ட் செஸ்டர் ஓவ்னாண்ட். 1959 ஜூலை 8 இரவு பியென் ஹோவாவில் உணவுக்கூடத்தில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது, சுருள் மாற்ற விளக்கைப் போட்ட வேளையில் சன்னல் வழியே சுடப்பட்டு இறந்தார்கள். ஓவ்னாண்ட் பெயர் சுவரில் எழுத்துப்பிழையோடு ஏறியது. முதல் வரிசையிலேயே பிழை.

அவர்களுக்கு முன்பும் இறந்தவர்கள் உண்டு. சிறப்புப் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஹாரி கிரேமர் 1957 அக்டோபர் 21 அன்று ந்யா ட்ராங் அருகே வெடிப்பொன்றில் மாண்டார். அது பயிற்சி விபத்தா, எதிரியின் தாக்குதலா என்பது பற்றி இருவேறு கூற்றுகள் நிலவின. பிற்காலத்தில் இராணுவ அதிகாரியான அவருடைய மகனின் முயற்சியால் 1983இல் பெயர் சேர்க்கப்பட்டது. நாள்வரிசையில் இடம் இல்லாததால் வரிசை தப்பிய ஓரிடத்தில். விமானப்படை சார்ஜென்ட் ரிச்சர்ட் ஃபிட்ஸ்கிப்பனின் நிலை இன்னும் சங்கடமானது. 1956 ஜூனில் அவரைச் சுட்டுக்கொன்றவர் சக அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவரே. குடும்பத்தாரும் அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர் எட் மார்க்கியும் நெடுநாள் வலியுறுத்திய பின்னர், 1998இல் பாதுகாப்புத் துறை போரின் தொடக்கத் தேதியையே 1955 நவம்பர் 1க்கு, அதாவது ஆலோசனைக் குழு வியட்நாமுக்கெனத் தனியாக அமைந்த நாளுக்கு, நகர்த்தியது. அடுத்த ஆண்டு பெயர் பொறிக்கப்பட்டது. அவருடைய மகன் 1965 செப்டம்பரில் அதே போரில் இறந்தவர். அவர் பெயர் ஏற்கெனவே சுவரில் இருந்தது.

இந்த நிகழ்வுகளில் சாட்சியம் எந்த வேலையைச் செய்தது என்று பார்ப்பது பயனுள்ளது. மூன்று நிகழ்விலும் அவர்கள் இறந்தார்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஐயம் வந்தது அது போரா என்பதில். அந்தக் கேள்விக்கு நேரில் கண்டவரின் விடை மட்டும் போதவில்லை; ஒரு தேதியை நிர்வாகம் மாற்ற வேண்டியிருந்தது. சகவீரரின் நினைவு உண்மையாக இருந்தும், வகைப்பாடு இடம் கொடுக்காதவரை அது செல்லாக்காசாகவே கிடந்தது.

கேட்ட சாட்சி

சகவீரர் சாட்சியம் முழுப்பலன் தந்த நிகழ்வு என்றால் கேப்டன் ஹம்பர்ட் ரோக் வெர்சேஸ் உடையது. தென்கோடியில் கா மாவ் பகுதியில் உளவுத்துறை ஆலோசகராக இருந்தார். வியட்நாமிய மொழியும் பிரெஞ்சும் நன்றாகப் பேசுவார். படையிலிருந்து விலகிப் பாதிரியாராகி அந்நாட்டு அனாதைக் குழந்தைகளிடம் திரும்பி வரவேண்டும் என்பது அவர் திட்டம். ஊருக்குத் திரும்ப இரண்டு வாரத்துக்கும் குறைவாகவே இருந்த 1963 அக்டோபர் 29 அன்று, டான் ஃபூ முகாமிலிருந்து கிளம்பிய தாக்குதல் ஒன்றில் தாமாக முன்வந்து கலந்துகொண்டார். காலில் குண்டு பட்டுப் பிடிபட்டார். அவரோடு லெப்டினன்ட் நிக் ரோவும் மருத்துவ சார்ஜென்ட் டான் பிட்சரும் பிடிபட்டனர்.

ஊ மின் காட்டில் அடைபட்ட வெர்சேஸ் நான்கு முறை தப்ப முயன்றார். மூங்கில் கூண்டில் தனியே பூட்டப்பட்டார். அரசியல் வகுப்புகளில் காவலர்களோடு அவர்கள் மொழியிலேயே வாதாடினார். 1965 செப்டம்பர் 26 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டதாகக் கெரில்லாக்களின் விடுதலை வானொலி அறிவித்தது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இவற்றில் அமெரிக்க ஆவணம் எதுவும் சொல்லாதவற்றை நாம் அறிவது இருவர் வாய்மொழியால். பிட்சர் 1967 நவம்பரில் விடுவிக்கப்பட்டார். ரோ 1968 டிசம்பர் 31 அன்று தப்பி, ஹெலிகாப்டர் ஒன்றைக் கையசைத்து இறக்கி வெளியே வந்தார். வந்தவுடன் ரோ செய்த முதல் வேலைகளில் ஒன்று வெர்சேஸ் பற்றிப் பேசியது. வெர்சேஸுக்கு அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கம் வழங்க வேண்டும் என்ற பரிந்துரை 1969இல் எழுந்தது. இராணுவம் அதைத் தரம் இறக்கி வெள்ளி நட்சத்திரமாக்கியது. ரோ 1971இல் தம் சிறைவாழ்வை நூலாக எழுதினார். 1989 ஏப்ரலில் அவர் மணிலாவில் கொல்லப்பட்டபோது, பிலிப்பைன்ஸ் படைக்கான அமெரிக்க ஆலோசனைக் குழுவில் பணியாற்றிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாட்சியும் ஆலோசகராகவே இறந்தார்.

அதற்குப்பின் வழக்கைக் கையிலெடுத்தவர்கள் வெர்சேஸின் வெஸ்ட் பாயிண்ட் வகுப்புத் தோழர்களும் அவருடைய ஊரான அலெக்சாண்ட்ரியாவின் நண்பர்களும். 2002 ஜூலை 8 அன்று பதக்கம் குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டது. வியட்நாமில் சிறைப்பட்டிருந்தபோது காட்டிய உறுதிக்காகத் தரைப்படையினர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

இதில் முறையியல் சார்ந்து எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. கைதிகள் ஒன்றாக வைக்கப்படவில்லை. வெர்சேஸ் பெரும்பாலும் தனியே இருந்தார். ரோவும் பிட்சரும் கண்டதைவிடக் கேட்டதே அதிகம். காட்டுக்கு அப்பாலிருந்து வந்த அவருடைய வாதாடும் குரல், கடைசியாகக் கேட்ட பாட்டு என்று சாட்சியம் முழுவதும் செவிவழியாக இருக்கிறது. வழக்குமன்றத்தில் இதைக் குறுக்கு விசாரணை செய்தால் துண்டுதுண்டாகிவிடும். ஆயினும் நான் இதை நம்பத்தக்கது என்றே கொள்கிறேன். ஓராண்டு இடைவெளியில், வெவ்வேறு இடத்தில் வெளிவந்த இருவரும் ஒத்த சித்திரத்தைத் தந்தனர். வெர்சேஸ் சொன்ன கதையை அவர்கள் திருப்பிச் சொல்லவில்லை. அவர் நடந்துகொண்டதைச் சொன்னார்கள். இந்த வேறுபாட்டின் எடை அடுத்த மனிதரிடம் வந்தால் தெரியும்.

எல்லாரும் ஒன்றுபோல் சொன்ன பொய்

லெப்டினன்ட் கர்னல் ஜான் பால் வேன் மீ தோவில் தென் வியட்நாமின் ஏழாம் டிவிஷனுக்கு மூத்த ஆலோசகர். 1963 ஜனவரி 2 அன்று அப் பாக் கிராமத்தில் அந்த டிவிஷன், தன்னைவிடப் பன்மடங்கு சிறிய ஒரு கெரில்லாப் படையிடம் அடிபட்டது. ஐந்து ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன; தென் வியட்நாமியர் 80 பேருக்கு மேல், அமெரிக்கர் மூவர் இறந்தனர். சைகோனில் அமெரிக்கக் கட்டளையகத் தலைவர் ஜெனரல் ஹார்க்கின்ஸ் அதை வெற்றி என்றார். வேன் தம் கீழிருந்த ஆலோசகர்கள் ஒவ்வொருவரிடமும் கண்டதை உடனே எழுதி வாங்கித் தம் அறிக்கையோடு இணைத்தார். ஆலோசகர்கள் தங்களைப் பற்றிய ஆவணத்தைத் தாங்களே படைத்துக்கொண்ட அரிய தருணம் அது. மறதி புகுமுன், ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டுத் திருத்திக்கொள்ளுமுன் எழுதப்பட்டவை என்பதால் அப் பாக் பற்றிய விவாதம் இன்றும் அவற்றைச் சுற்றியே நடக்கிறது.

அதே ஆண்டு ஜூலையில் வேன் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். போரை நடத்தும் முறையை எதிர்த்துத் தம் எதிர்காலத்தையே துறந்த மாவீரர் என்று நண்பர்களும் நிருபர்களும் சக ஆலோசகர்களும் சொன்னார்கள். மனப்பூர்வமாகவே சொன்னார்கள். 1972 ஜூனில் கோண்டூம் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபின் நிருபர் நீல் ஷீகன் அவர் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தார். பதினாறு ஆண்டு ஆயிற்று. நூற்றுக்கணக்கானோரை நேர்கண்ட அவர், வேன் வியட்நாமுக்குப் போகுமுன்பே ஒரு பாலியல் குற்றச்சாட்டில் இராணுவ விசாரணைக்கு உள்ளானவர், அந்தக் கறையால் ஜெனரல் பதவி தமக்குக் கிட்டாது என்று அறிந்தே விலகத் தீர்மானித்திருந்தவர் என்று கண்டார். 1988இல் வெளியான அந்த நூலில் இது இடம்பெற்றது.

இங்கே சாட்சிகள் பலர். அவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று பொருந்தியது. ஆனால் அத்தனை ஓடையும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. அந்த ஊற்று வேன்தான். சகவீரர் சாட்சியத்தைத் திரட்டுவோர் இத்தனை பேர் உறுதி செய்தார்கள் என்று எண்ணிக்கை காட்டுவதைப் பார்க்கும்போது இந்த நிகழ்வு எனக்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. கேட்க வேண்டியது எத்தனை பேர் என்பதை அல்ல, எவர் எங்கே நின்று அறிந்தார் என்பதை.

அப்பட்டமான போலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி. ஜி. பர்க்கெட் 1998இல் எழுதிய நூல் போலி வியட்நாம் வீரர்களை வரிசையாக அம்பலப்படுத்தியது. 2001 ஜூனில் பாஸ்டன் குளோப் நாளிதழ், புலிட்சர் பரிசு பெற்ற வரலாற்றாசிரியர் ஜோசப் எல்லிஸ் வியட்நாமுக்கே போகாதவர் என்று வெளியிட்டது. சைகோனில் அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லண்டின் தலைமையகத்தில் வேலை செய்ததாக வகுப்பில் மாணவர்களிடம் சொல்லிவந்தவர் அவர். ஒரு வரலாற்றுப் பேராசிரியரே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது கவனத்துக்குரியது. தலைமையகமும் ஆலோசனைப் பணியும் பொய்க்கு வசதியான இடங்கள். பட்டாலியனில் இருந்தேன் என்றால் அந்தப் பட்டாலியன்காரர் எவராவது மறுக்கக்கூடும்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்மை. படைப்பிரிவு இல்லாததால் பொய் சொல்பவர் தப்பிக்கிறார். அதே காரணத்தால் உண்மை சொல்பவர் நிரூபிக்க முடியாமல் தவிக்கிறார். போர்க்கால மனவடுவுக்கு நிவாரணம் கோருவோர் அதற்குக் காரணமான நிகழ்வைத் தனிச்சான்றால் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியை முன்னாள் படையினர் துறை 2010 ஜூலையில்தான் தளர்த்தியது. பணியிடத்துக்கும் சூழலுக்கும் பொருந்துமானால் எதிரித் தாக்குதல் பற்றிய அச்சத்துக்கு அவர் சொல்லே போதும் என்றானது. அதுவரை சகவீரர் ஒருவரின் கடிதம் வழக்கைத் தூக்கி நிறுத்தக்கூடியதாக இருந்தது. ஐவர் குழுவில் நால்வர் இறந்துபோயிருந்தால் அந்தக் கடிதத்தை யார் எழுதுவது?

மொழிபெயர்ப்பாளருக்கு அப்பால்

எழுத ஆள் இருந்தார். அவரைக் கேட்கவில்லை, அவ்வளவே.

ஆஸ்திரேலியாவின் அனுபவத்தை இங்கே ஒப்பிடலாம். 1962இல் கர்னல் டெட் செராங் தலைமையில் முப்பது பேரோடு வந்த அந்நாட்டுப் பயிற்சிக் குழுவில் பத்தாண்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் பணியாற்றினர். டெல்டாவிலிருந்து வட எல்லை வரை ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்தவர்கள். அந்தச் சிறு குழுவுக்கு நான்கு விக்டோரியா சிலுவைகள். அவற்றில் ஒன்று கெவின் வீட்லிக்கு. 1965 நவம்பர் 13 அன்று ட்ரா போங் பள்ளத்தாக்கில் வியட்நாமியக் கம்பெனி ஒன்றோடு சென்றபோது, அவருடைய நண்பர் ரான் ஸ்வான்டன் நெஞ்சில் குண்டு பட்டு விழுந்தார். உடனிருந்த வியட்நாமியர் பின்வாங்கத் தொடங்கினர். வீட்லி நண்பரைத் திறந்தவெளியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டோரத்தில் கிடத்தினார்; விட்டுவிட்டு வரச் சொன்னபோது மறுத்தார்; இரண்டு கையெறி குண்டுகளின் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு காத்திருந்தார்.

கடைசி நொடி வரை அருகில் இருந்து, விட்டுவிடுங்கள் என்று மன்றாடியவர் தின் தோ என்ற வியட்நாமியச் சிப்பாய். விருதின் அதிகாரப்பூர்வப் பாராட்டுரையிலேயே அவர் பெயர் இருக்கிறது. வீட்லியின் செயலில் மிக முக்கியமான பகுதி ஓர் ஆலோசகரின் கண்ணில் பட்டதன்று. நண்பரை இழுக்க உதவிய ஒரு சாதாரண வியட்நாமியச் சிப்பாயின் கண்ணில் பட்டது. இந்த அளவு வெளிப்படையாக வியட்நாமியச் சாட்சி பதிவான இடங்கள் குறைவு. பதிவான இடத்திலும் அவரைப் பற்றி அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் ஆஸ்திரேலிய வரலாற்றுக்குத் தேவைப்படவில்லை.

1972 ஏப்ரல் 2 அன்று டாங் ஹா பாலத்தை அமெரிக்க மரைன் ஆலோசகர் ஜான் ரிப்ளி தகர்த்தது இன்னொரு புகழ்பெற்ற நிகழ்வு. பாலத்தின் அடியில் இரும்புத் தூலங்களைக் கையால் பற்றித் தொங்கியபடியே சுமார் 500 பவுண்டு வெடிபொருளை வைத்தார். தரைப்படை ஆலோசகர் மேஜர் ஜேம்ஸ் ஸ்மாக் கரையிலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொடுத்தார். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் இக்காட்சி சிற்ப வடிவில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாலத்தின் தென்கரையைப் பிடித்து நின்றது மேஜர் லே பா பின் தலைமையிலான வியட்நாமிய மூன்றாம் மரைன் பட்டாலியன். ஆலோசகர் ஓராண்டில் திரும்பிவிடுவார். பின் போன்றவர்களுக்குத் திரும்பிப்போக வேறு ஊர் இல்லை. 1975இல் தென் வியட்நாம் வீழ்ந்தபின் அவர் பல ஆண்டு வென்ற அரசின் மறுகல்வி முகாமில் அடைபட்டிருந்தார். அமெரிக்க வாசகர்களுக்கு அவர் கதை விரிவாக வந்தது 2009இல், ரிச்சர்ட் பாட்கின் எழுதிய நூலில். அதற்குள் ரிப்ளி காலமாகியிருந்தார்.

ஆக, ஓர் ஆலோசகரோடு நின்ற சகவீரர் யார் என்ற கேள்விக்கு இயல்பான விடை அந்த வியட்நாமியப் பட்டாலியன்தான். அறுநூறு எழுநூறு பேர். ஆண்டுக்கணக்கில் அதே பட்டாலியனில் இருந்தவர்கள். வந்துபோன ஆலோசகர் ஒவ்வொருவரையும் ஒப்பிட்டுச் சொல்லக்கூடியவர்கள். அமெரிக்கரின் நினைவில் இவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே தோன்றுகிறார்கள். ஓடினார்கள், நின்றார்கள், கோழி திருடினார்கள் என்று. ஆலோசகரின் தைரியம் அந்தக் கூட்டத்தின் கோழைத்தனத்தைப் பின்புலமாகக் கொண்டே பல நினைவுக்குறிப்புகளில் எழுகிறது. இந்தச் சித்திரம் சரியா தவறா என்று சொல்ல வல்லவர்களை விசாரிக்காமலே அதைச் சரியென்று கொள்வது வரலாற்று முறையாகாது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த ஒரு படையைப் பற்றிய சித்திரம் அது. அவர்களுக்குத் தம் நாட்டில் நினைவுச்சுவர் கிடையாது. பியென் ஹோவாவிலிருந்த அவர்களுடைய இராணுவ இடுகாடு 2006 வரை இராணுவக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது.

மொழி ஒரு தடை என்பார்கள். பெரும்பாலான ஆலோசகர்கள் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே பட்டாலியனை அறிந்தார்கள் என்பதும் மெய். ஆனால் 1975க்குப் பின் அந்தப் படையின் அதிகாரிகளில் கணிசமானோர் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்திலும் டெக்ஸாசிலும் குடியேறினர். அவர்களுக்குச் சங்கங்களும் இதழ்களும் உண்டு. அமெரிக்க ஆலோசகர் ஒருவரைத் தேடுகிற அமெரிக்க ஆய்வாளருக்கு அவர்கள் கூப்பிடு தூரம்.

அவர்கள் அமெரிக்காவுக்கு வந்த விதத்திலேயே ஓர் ஆவணமும் பிறந்தது. 1989 ஜூலை 30 அன்று அமெரிக்காவும் வியட்நாமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மூன்றாண்டும் அதற்கு மேலும் மறுகல்வி முகாமில் இருந்தோர் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறலாம். அதற்கு முதன்மையான சான்று முகாமிலிருந்து வெளிவரும்போது தரப்பட்ட விடுதலைத் தாள். அதில் பெயர், ஊர், உள்ளே இருந்த காலம் எல்லாம் உண்டு. குற்றம் என்ன என்ற கட்டத்தில் பலருக்கு அவர்களுடைய இராணுவப் பதவியே எழுதப்பட்டிருந்தது. கேப்டன் என்றோ மேஜர் என்றோ. வென்ற அரசு குற்றமாக எழுதியதை, தோற்றவர்களின் கூட்டாளி அரசு பணிச்சான்றாக ஏற்றுக்கொண்டது.

இந்தக் கைதிகளின் குடும்பத்தாருக்காக அமெரிக்காவில் இயங்கிய சங்கம் ஒன்று திரட்டிய விண்ணப்பங்களும் கடிதங்களும் இப்போது டெக்ஸாசின் லபக் நகரில், டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அமெரிக்க ஆலோசகர்கள் பலரின் வாய்மொழி வரலாறுகளும் அதே காப்பகத்தில்தான் 1999 முதல் சேகரிக்கப்பட்டு வருகின்றன. ஒன்றில் ஆலோசகர் தம் வியட்நாமியத் தளபதியைப் பற்றிப் பேசுகிறார், பல வேளைகளில் பெயரைத் தப்பாக உச்சரித்து. இன்னொன்றில் அத்தகைய தளபதிகளின் பெயர், பதவி, அடைபட்டிருந்த ஆண்டுகள் எல்லாம் அவர்கள் மொழியிலேயே முறையாக இருக்கின்றன. எந்த மாகாணம், எந்தப் பட்டாலியன், எந்த ஆண்டு என்ற மூன்றையும் வைத்து இரண்டு தொகுப்புகளையும் ஒப்பிட்டால் ஆலோசகர்களின் பணியை இப்போதைவிட வெகுவாக நெருங்கிக் காணலாம். இருபுறத்திலும் சாட்சிகளில் பலர் எண்பதைக் கடந்தவர்கள் என்பதால் அதை முதலில் செய்துவிட்டு, மற்ற காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.